இல்லையென்றால் என்ன? நிரலாக்கத்தில் முடிவெடுத்தலும் பிழை கையாளுதலும்

கணினி நிரல் என்பது கட்டளைகளின் வரிசை. வரிசை மட்டும் இருந்தால், எத்தனை முறை இயக்கினாலும் நிரல் ஒரே தடத்தில்தான் ஓடும். மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு 'தேர்ச்சி' என்று அச்சிடும் நிரல் 92க்கும் அதையே அச்சிடும், 12க்கும் அதையே அச்சிடும். தரவைப் பார்த்துத் தடம் மாறும் திறனை நிரலுக்குத் தருவது முடிவெடுக்கும் அமைப்பு. எதிர்பாராத தரவு வந்து சேரும்போது நிரல் நிலைகுலைந்து விழாமல் காப்பது பிழை கையாளுதல். பாடநூல்கள் முதலாவதைத் தொடக்கத்திலும் இரண்டாவதைக் கடைசி அதிகாரங்களிலும் வைப்பது வழக்கம். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: இப்படி இல்லையென்றால் என்ன செய்வது? அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் முதல் பாடத்திலேயே வந்துவிட்ட மாணவருக்குப் பிழை கையாளுதல் புதிய பாடமாக இராது.

மெய்யும் பொய்யும்

முடிவெடுப்பின் அடிப்படை அலகு நிபந்தனை. மெய், பொய் என்ற இரண்டில் ஒன்றை மட்டுமே விடையாகத் தரும் கூற்று அது. 'மதிப்பெண் 35க்குக் குறையவில்லை' என்பது நிபந்தனை. 'மதிப்பெண் பரவாயில்லை' என்பது நிபந்தனை ஆகாது. எங்கே பரவாயில்லை முடிகிறது, எங்கே மோசம் தொடங்குகிறது என்று கணினிக்கு யாரும் சொல்லவில்லை. இந்த இருமதிப்புத் தருக்கத்தை இயற்கணிதமாக வடித்தவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜார்ஜ் பூல். அவரது முதன்மை நூல் 1854இல் வெளிவந்தது. மெய், பொய் என்ற மதிப்புகளைத் தாங்கும் தரவினத்துக்குப் பூலியன் என்ற பெயர் அவரால் வந்தது.

சிறு நிபந்தனைகளைச் சேர்த்துப் பெரிய நிபந்தனை ஆக்க மூன்று இணைப்புகள் போதும்: 'மற்றும்', 'அல்லது', 'அல்ல'. பார்வைக்கு எளிய இந்த மூன்றில்தான் தொடக்க மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். பேச்சுமொழியின் இணைப்புகளும் தருக்கத்தின் இணைப்புகளும் ஒன்றல்ல என்பதே காரணம். 'பத்தாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் மைதானத்துக்கு வரலாம்' என்று அறிவிப்பு வந்தால் பள்ளியில் யாருக்கும் குழப்பம் இல்லை. அதை அப்படியே 'வகுப்பு 10 மற்றும் வகுப்பு 11' என்று நிபந்தனையாக எழுதினால் ஒருவர்கூட மைதானத்துக்கு வரமாட்டார். ஒரே மாணவர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பிலும் படிப்பதில்லை. பேச்சில் வரும் 'உம்', இங்கே தருக்கத்தில் 'அல்லது' ஆக வேண்டும்.

இதன் தம்பி இன்னொரு தவறு. 'வகுப்பு 10 அல்லது 11 என்றால்' என்பதைச் சிலர் பைத்தான் மொழியில் 'வகுப்பு == 10' என்று எழுதி, 'அல்லது' இணைப்பைப் போட்டு, வெறுமனே 11 என்று முடித்துவிடுவார்கள். பைத்தான் இதைப் பிழை என்று சொல்லாது. 0 அல்லாத எண்ணை அது மெய்யாகக் கொள்வதால், தனியே நிற்கும் 11 எப்போதும் மெய். முழு நிபந்தனையும் எப்போதும் மெய். ஆறாம் வகுப்பு மாணவரும் உள்ளே வந்துவிடுவார். 'வகுப்பு' என்ற மாறியை இரண்டு ஒப்பீட்டிலும் எழுதியே ஆக வேண்டும்.

நிபந்தனையை மறுத்துத் திருப்புவதற்கும் ஒரு விதி உண்டு. மதிப்பெண் செல்லாதது எப்போது? 0க்குக் குறைவாகவோ அல்லது 100க்கு மேலாகவோ இருந்தால். செல்லுபடியாவது எப்போது? 0க்குக் குறையாமலும், மற்றும் 100ஐத் தாண்டாமலும் இருந்தால். மறுக்கும்போது ஒவ்வொரு ஒப்பீடும் தலைகீழாவதோடு, நடுவில் நிற்கும் 'அல்லது' என்பதும் 'மற்றும்' ஆக மாறிவிடுகிறது. இந்த விதியின் பெயரில் இருக்கும் அகஸ்டஸ் டி மார்கன் 1806இல் மதுரையில் பிறந்தவர்.

'ஆனால்', 'இல்லை'

1966இல் கொராடோ போம், ஜூசெப்பே யாகோபினி என்ற இரு இத்தாலியர்கள், எந்தக் கணக்கீட்டையும் வரிசை, தேர்வு, மறுசெயல் ஆகிய மூன்று அமைப்புகளைக் கொண்டே எழுதிவிடலாம் என்று நிறுவினார்கள். இவற்றுள் நடுவில் நிற்கும் தேர்வுதான் முடிவெடுக்கும் அமைப்பு. தமிழ்க் குறிச்சொற்களைக் கொண்ட எழில் நிரலாக்க மொழியில் அதன் எளிய வடிவம் இது:

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "தேர்ச்சி இல்லை"
முடி

பெரும்பாலான நிரலாக்க மொழிகள் குறிச்சொல்லை முன்னால் வைத்து நிபந்தனையைப் பின்னால் எழுதும். தமிழ்த் தொடரில் நிபந்தனை முதலில் வந்து, 'ஆல்' விகுதி வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும்: மழை பெய்தால் குடை எடு. எழில் மொழியும் நிபந்தனையை முதலில் வைத்து 'ஆனால்' என்பதை அதன் பின்னால் வைக்கிறது.

இந்த வடிவத்தில் மாணவர் கவனிக்க வேண்டிய பாதி, 'இல்லை' என்ற பாதி. 'மழை பெய்தால் குடை எடு' என்று சொல்பவர், 'பெய்யாவிட்டால் எடுக்காதே' என்று சேர்ப்பதில்லை. கேட்பவரின் அனுபவம் அந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொள்கிறது. கணினிக்கு அனுபவம் கிடையாது. 'இல்லை' கிளை எழுதப்படாவிட்டால், அது எதையும் செய்யாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். சில இடங்களில் அதுவே சரியான செயல். ஆனால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று யோசித்து விட்டுவிடுவது வேறு, யோசிக்காமல் விட்டுவிடுவது வேறு. நிரலைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

வரிசையும் எல்லையும்

இரண்டுக்கு மேற்பட்ட கிளைகள் வரும்போது நிபந்தனைகள் சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன. 90க்குக் குறையாவிட்டால் 'மிகச் சிறப்பு', 60க்குக் குறையாவிட்டால் 'முதல் வகுப்பு', 35க்குக் குறையாவிட்டால் 'தேர்ச்சி', மற்றவை 'தேர்ச்சி இல்லை' என்று ஒரு நிரல் தரம் பிரிப்பதாகக் கொள்ளலாம். சங்கிலியில் மேலிருந்து கீழாக முதலில் மெய்யாகும் நிபந்தனையின் கிளை மட்டுமே இயங்கும். மற்றவற்றைக் கணினி திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஆகவே வரிசை முக்கியம். 35 என்ற நிபந்தனையை முதலில் வைத்தால், 95 எடுத்தவரும் 'தேர்ச்சி' என்பதோடு நின்றுவிடுவார். கீழே இருக்கும் இரண்டு கிளைகளும் யாரும் ஏறாத படிகளாக நிரலில் கிடக்கும்.

சங்கிலியாகக் கோக்காமல், மூன்று தனித்தனி 'ஆனால்' கட்டளைகளாக எழுதினால் வேறு விளைவு. 95 மூன்று நிபந்தனையையும் நிறைவுசெய்வதால் மூன்று தரமும் அச்சாகும். ஒன்றையொன்று விலக்கும் தேர்வுகளுக்குச் சங்கிலி. ஒன்றையொன்று பாதிக்காத தேர்வுகளுக்குத் தனித்தனி நிபந்தனை. இந்த வேறுபாட்டைச் சொல்லி விளங்கவைப்பதைவிட, இரண்டு நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 95 என்ற ஒரே எண்ணைக் கொடுத்து இயக்கிக் காட்டுவது எளிது.

அடுத்தது எல்லை. '35க்கு மேல்' என்பதும் '35ஓ அதற்கு மேலோ' என்பதும் ஒரே ஒரு மதிப்பெண்ணில்தான் வேறுபடுகின்றன. அந்த ஒரு மதிப்பெண்ணில் நிற்கும் மாணவருக்கு வேறுபாடு ஒரு வருடம். நிரலின் பிழைகள் நடுவில் குடியிருப்பது அரிது. அவை எல்லையில்தான் ஒண்டிக்கொள்கின்றன. ஆகவே 72 என்று கொடுத்துப் பார்த்துவிட்டு நிரல் சரி என்று முடிவுகட்டக் கூடாது. 34, 35, 36 என்று ஒவ்வொரு எல்லைக்கும் மூன்று எண்கள், பிறகு 0, 100, பிறகு −1, 101 என்று கொடுத்துப் பார்ப்பதே சோதனை. கடைசி இரண்டு எண்களைக் கொடுக்கும் கணத்தில் மாணவர் பிழை கையாளுதலுக்குள் நுழைந்துவிடுகிறார். −1க்கு 'தேர்ச்சி இல்லை' என்றும் 101க்கு 'மிகச் சிறப்பு' என்றும் நிரல் பதில் சொல்வதை அவர் பார்க்கிறார்.

எல்லையைப் பற்றிய பாடத்தில் பதின்மப் புள்ளி எண்களுக்கும் ஓர் இடம் உண்டு. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி, அது 0.3க்குச் சமமா என்று பைத்தானிடம் கேட்டால் பொய் என்று விடை வரும். கணினி இந்த எண்களை இரண்டடிமான வடிவில் வைத்திருக்கிறது. அந்த வடிவில் இவை முடிவில்லாப் பின்னங்கள், எங்கோ ஓர் இடத்தில் வெட்டப்பட்டவை. அதனால் இத்தகைய எண்களைச் சமமா என்று கேட்காமல், வேறுபாடு மிகச் சிறியதா என்று கேட்பதே முறை.

ஓர் ஆண்டின் கடைசி நாள்

கூடுநிபந்தனைக்கு லீப் ஆண்டு ஒரு நல்ல பயிற்சி. 4ஆல் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு; அது 100ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு அல்ல; 400ஆல் வகுபட்டால் மீண்டும் லீப் ஆண்டு. 2000 லீப் ஆண்டு, 1900 அல்ல, 2100ம் ஆகாது. விதிக்கு விலக்கு, விலக்குக்கும் விலக்கு. மைக்ரோசாஃப்ட் எக்செல் இன்றுவரை 1900ஐ லீப் ஆண்டாகவே எண்ணுகிறது. அதற்கு முன் புழக்கத்தில் இருந்த லோட்டஸ் 1-2-3 அட்டவணை மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக அந்தப் பிழை தெரிந்தே தக்கவைக்கப்பட்டது.

தெரியாமல் புகுந்த பிழை ஒன்று 2008 டிசம்பர் 31 அன்று வெளிப்பட்டது. மைக்ரோசாஃப்டின் சூன் என்ற, இசை கேட்கும் கையடக்கக் கருவியின் 30 கிகாபைட் வகை அன்று உலகெங்கும் உறைந்து நின்றது. 1980 தொடங்கிக் கடந்த நாள்களின் எண்ணிக்கையிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கும் ஒரு சிறிய மடக்கே காரணம். அதன் அமைப்பு இப்படி: நாள் எண்ணிக்கை 365ஐத் தாண்டியிருக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்; லீப் ஆண்டு என்றால், நாள் 366ஐயும் தாண்டியிருந்தால் மட்டும், 366ஐக் கழித்து ஆண்டைக் கூட்டு; லீப் ஆண்டு இல்லையென்றால் 365ஐக் கழித்து ஆண்டைக் கூட்டு.

2008 லீப் ஆண்டு. டிசம்பர் 31 அதன் 366ஆம் நாள். எண்ணிக்கை 365ஐத் தாண்டியிருந்ததால் மடக்கு நிற்கவில்லை. லீப் ஆண்டு என்ற கிளைக்குள் நுழைந்தது. 366ஐத் தாண்டியதா? இல்லை, சரியாக 366. அந்த உள் நிபந்தனைக்கு 'இல்லை' கிளை எழுதப்படவில்லை. எதுவும் மாறாமல் மடக்கு மறுபடி தொடக்கத்துக்குப் போனது. மீண்டும் அதே கேள்வி, மீண்டும் அதே மௌனம். மறுநாள் எண்ணிக்கை 367 ஆனதும் சிக்கல் தானாக விலகியது. எல்லையைச் சோதிக்காததும் 'இல்லை' கிளையை நினைக்காததும் ஒரே இடத்தில் சேர்ந்த பிழை இது. வகுப்பில் நாள், ஆண்டு என்று இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணை போட்டு, மாணவர்களே கையால் மடக்கைச் சுற்றிப் பார்த்தால், மூன்றாவது சுற்றுக்குள் யாராவது ஒருவர் பிடித்துவிடுவார்.

கணினிக்குள் ஒரு மனம்

மாணவர்களின் தவறுகள் பலவும் மொழியின் இலக்கணத்தால் வருவன அல்ல. அமெரிக்க ஆய்வாளர் ராய் பீ 1986இல் வெளியிட்ட கட்டுரை, எந்த நிரலாக்க மொழியைப் படித்தாலும் தொடக்கநிலையினரிடம் தோன்றும் சில தவறான எண்ணங்களைத் தொகுத்தது. அவை அனைத்துக்கும் ஒரு தாய் உண்டு என்றார் அவர்: கணினிக்குள் மறைவாக ஒரு மனம் இருக்கிறது, தாம் எழுத நினைத்ததை அது புரிந்துகொள்ளும் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை முடிவெடுக்கும் அமைப்பில் ஒரு குறிப்பிட்ட உருவில் வெளிப்படுகிறது. நிரலின் மேல்பகுதியில் 'அளவு 10 ஆனால் வணக்கம் சொல்' என்று ஒரு வரி; அதன் பிறகுதான் மடக்கு ஒன்று அளவை 1, 2, 3 என்று உயர்த்துகிறது. அளவு 10 ஆகும்போது திரையில் 'வணக்கம்' வரும் என்று மாணவர் பலர் எதிர்பார்க்கிறார்கள். நிபந்தனை எங்கோ விழித்துக்கொண்டு காவல் இருப்பதாக அவர்கள் எண்ணம். கணினியோ அந்த வரியைக் கடக்கும் கணத்தில் ஒரு முறை கேட்டுவிட்டு மறந்துவிடுகிறது. வீட்டில் 'பால் பொங்கினால் அடுப்பை அணை' என்று சொல்லிவிட்டுப் போனால், கேட்டவர் பால் பொங்கும்வரை ஒரு கண் வைத்திருப்பார். கணினி அந்த நொடியில் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே கிளம்பிவிடும்.

இதற்கு மருந்து, நிரலை எழுதும் முன் வாசிக்கக் கற்பது. ஒவ்வொரு வரிக்கும் மாறிகளின் மதிப்பை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கணினி செய்வதைக் கையால் செய்து பார்ப்பது தடம்பற்றல். இங்கிலாந்தில் சூ சென்டன்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் வகுத்த பிரிம் என்னும் முறை இதை ஐந்து படிகளாக்குகிறது: கொடுத்த நிரல் என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்வது, இயக்கிப் பார்ப்பது, ஏன் அப்படி நடந்தது என்று ஆராய்வது, சிறிது மாற்றுவது, கடைசியாகச் சொந்தமாக ஒன்றை உருவாக்குவது. முன்கூட்டிச் சொன்னது பொய்க்கும் கணத்தில், கணினிக்குள் இருப்பதாக நினைத்த மனம் கொஞ்சம் கலைகிறது.

பிழையின் மூன்று வகை

நிரலில் நேரும் பிழைகளை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். தொடரியல் பிழை மொழியின் இலக்கணத்தை மீறுவது: அடைப்புக்குறியை மூடாதது, பைத்தானில் நிபந்தனை வரியின் முடிவில் முக்காற்புள்ளியை விட்டது. நிரல் ஓடத் தொடங்கும் முன்பே இது பிடிபடும். இயக்கநேரப் பிழை, இலக்கணம் சரியாக இருந்தும் ஓடும்போது முடியாத காரியம் ஒன்று குறுக்கிடுவது: 0ஆல் வகுத்தல், இல்லாத கோப்பைத் திறத்தல், எழுத்தை எண்ணாக்க முயலுதல். தருக்கப் பிழை, நிரல் முழுமையாக ஓடித் தவறான விடையைத் தருவது. மூன்றிலும் கொடியது கடைசியானது. அது எந்தச் செய்தியும் காட்டாது. மேலே சொன்ன தலைகீழ்ச் சங்கிலியும் 'அல்லது 11'ம் இந்த வகை.

மாணவருக்குப் பிழைச்செய்தி என்றாலே அச்சம். சிவப்பு எழுத்தைக் கண்டதும் மூடிவிடுவார்கள். அதைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது தனிப் பாடமாகவே இருக்க வேண்டும். பைத்தான் காட்டும் நீண்ட செய்தியைக் கீழிருந்து மேலாகப் படிப்பது எளிது: கடைசி வரியில் பிழையின் வகையும் காரணமும், அதற்கு மேலே அது நேர்ந்த வரி எண், அதற்கும் மேலே அங்கே வந்துசேர்ந்த வழி. மொழிகளும் செய்திகளைத் தெளிவாக்கி வருகின்றன. 2021இல் வந்த பைத்தான் 3.10, முக்காற்புள்ளியை விட்டால் 'செல்லாத தொடர்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை விட்டு, முக்காற்புள்ளி தேவை என்றே சொல்லத் தொடங்கியது.

உள்ளீட்டைச் சோதித்தல்

இயக்கநேரப் பிழைகளில் பெரும்பங்கு வெளியிலிருந்து வரும் தரவால் நேர்வது. மதிப்பெண் கேட்கும் நிரலுக்கு ஒருவர் 'எண்பது' என்று எழுத்தில் தட்டலாம், வெற்றாக விடலாம், '8O' என்று சுழியத்துக்குப் பதில் எழுத்தைப் போடலாம். பைத்தானில் விசைப்பலகையிலிருந்து வரும் எதுவும் எழுத்துச்சரமாகவே வரும். அதை முழு எண்ணாக மாற்றும் செயற்கூறு, முடியாதபோது மதிப்புப் பிழை என்ற விதிவிலக்கை எழுப்பும்.

தமிழ் எண்களைக் கொண்டு இதைச் சுவையாகக் காட்டலாம். '௧௨' என்ற சரத்தைக் கொடுத்தால் பைத்தான் தயங்காமல் 12 என்று மாற்றிவிடும். ௦ முதல் ௯ வரையான தமிழ் எண்கள் யூனிகோடில் பதின்ம இலக்கங்களாகப் பதிவாகியிருக்கின்றன. பத்தைக் குறிக்கும் '௰' என்ற குறியைக் கொடுத்தால் மதிப்புப் பிழை. அது எண்தான், ஆனால் இடமதிப்பு முறையின் இலக்கம் அல்ல. எது எண், எது எண் அல்ல என்பதை நிரலர் ஊகிப்பதைவிட, மாற்றிப் பார்க்கச் சொல்லி, முடியாவிட்டால் என்ன செய்வது என்று எழுதிவைப்பது நல்லது என்பதற்கு இதுவே போதிய சான்று.

தரவைக் காக்கும் வழி இரண்டு. ஒன்று, செய்யும் முன் சோதிப்பது. சராசரி காணும் முன் எண்ணிக்கை 0 அல்ல என்று நிபந்தனை வைப்பது இதற்கு எடுத்துக்காட்டு. 'எண்ணிக்கை 0 அல்ல, மற்றும் கூட்டுத்தொகையை எண்ணிக்கையால் வகுத்தால் 50க்கு மேல்' என்று ஒரே வரியில்கூட எழுதலாம். முதல் பாதி பொய்யானதும் மொத்தமும் பொய் என்று தெரிந்துவிடுவதால், கணினி இரண்டாம் பாதியைத் தொடாது. 0ஆல் வகுக்கும் ஆபத்து நேராது. பாதிகளை இடம் மாற்றி எழுதினால் காப்பு போய்விடும். இரண்டாவது வழி, செய்து பார்த்துவிட்டு, தவறினால் கையாள்வது. கோப்பு இருக்கிறதா என்று சோதித்த நொடிக்கும் திறக்கும் நொடிக்கும் இடையில் வேறொரு நிரல் அதை அழித்துவிடலாம் என்பதால், கோப்பு, வலைத்தொடர்பு போன்றவற்றுக்கு இந்த இரண்டாம் வழியே பொருந்தும்.

விதிவிலக்கும் அதன் வலையும்

இரண்டாம் வழிக்கு மொழிகள் தரும் கருவி விதிவிலக்குக் கையாளுதல். அதன் பொதுவடிவம்:

முயல்:
    மதிப்பெண் = முழுஎண்( உள்ளீடு )
மதிப்புப் பிழை எனில்:
    பதிப்பி "0 முதல் 100 வரை ஓர் எண்ணைத் தரவும்"
எப்படியாயினும்:
    கோப்பை மூடு

'முயல்' பகுதியில் ஏதாவது ஒரு வரி விதிவிலக்கை எழுப்பினால், அதன் கீழே இருக்கும் வரிகள் இயங்காமல் கட்டுப்பாடு நேரே பிடிக்கும் பகுதிக்குத் தாவும். அங்கே பொருந்தும் வகை இல்லாவிட்டால், இந்தச் செயற்கூற்றை அழைத்த செயற்கூற்றுக்கு, அங்கும் இல்லாவிட்டால் அதை அழைத்ததற்கு என்று மேலே மேலே போகும். யாரும் பிடிக்காவிட்டால் நிரல் நின்று, பிழைச்செய்தி திரைக்கு வரும். 'எப்படியாயினும்' பகுதி பிழை வந்தாலும் வராவிட்டாலும் இயங்கும். எடுத்த வளத்தைத் திருப்பிக் கொடுக்க அது இடம். இதுவும் ஒரு முடிவெடுக்கும் அமைப்பே. வேறுபாடு ஒன்றுதான்: நிபந்தனையைக் கேட்பது நிரலர் அல்ல, இயங்கும் சூழல்.

எங்கே பிடிப்பது என்பதில்தான் திறமை. பிழையைச் சரிசெய்யத் தேவையான தகவல் எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே பிடிக்க வேண்டும். எண்ணாக மாற்றும் உட்பகுதிக்கு, பயனரிடம் மறுபடி கேட்பதா, அந்த வரிசையைத் தாண்டிப் போவதா என்று தெரியாது. அழைத்த பகுதிக்குத்தான் தெரியும். அதேபோல, எதிர்பார்க்கும் வகையை மட்டுமே பிடிக்க வேண்டும். வகை குறிப்பிடாமல் எல்லாவற்றையும் பிடித்து, உள்ளே ஒன்றும் எழுதாமல் விடுவது மாணவர்களை ஈர்க்கும் குறுக்குவழி. சிவப்பு எழுத்து மறைந்துவிடுகிறது. மாறியின் பெயரைத் தவறாகத் தட்டிய பிழையும் அதனோடு சேர்ந்து விழுங்கப்பட்டு, இயக்கநேரப் பிழை தருக்கப் பிழையாக உருமாறிவிடும். வலி தெரியாமல் மரத்துப்போன காலில் முள் இன்னும் ஆழமாக ஏறுவது போன்றது அது.

ஏரியன் 5

விதிவிலக்கு பிடிக்கப்படாததன் விலையை உலகம் 1996 ஜூன் 4 அன்று கண்டது. தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து முதல் முறையாகப் புறப்பட்ட ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட், எழும்பிய நாற்பது நொடிக்குள் வெடித்துச் சிதறியது. அதில் இருந்த க்ளஸ்டர் திட்டத்தின் நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்களும் அழிந்தன.

ராக்கெட்டின் நிலையை அளக்கும் கருவியின் மென்பொருள், முந்தைய ஏரியன் 4இலிருந்து எடுத்தாளப்பட்டது. கிடைமட்ட வேகம் தொடர்பான 64 பிட் பதின்மப் புள்ளி எண் ஒன்றை, குறியுடன் கூடிய 16 பிட் முழு எண்ணாக அது மாற்றியது. 16 பிட்டில் அடங்கும் பெரிய எண் 32,767. ஏரியன் 4இன் பயணப்பாதையில் அந்த மதிப்பு அதைத் தொடவே முடியாது. ஏரியன் 5 வேகமாகக் கிடைமட்டத்துக்குத் திரும்பும் ராக்கெட். எண் வரம்பைத் தாண்டியது, விதிவிலக்கு எழுந்தது. இப்படி ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய ஏழு மாறிகளில் நான்குக்குக் காப்பு எழுதப்பட்டிருந்தது. கணினியின் பளுவைக் கட்டுக்குள் வைக்க மூன்று விடப்பட்டன. இது அந்த மூன்றில் ஒன்று.

பிழை கையாளும் திட்டமே இல்லாமல் இல்லை. விதிவிலக்கு வந்தால் அந்தக் கருவி தன்னை நிறுத்திக்கொண்டு, மாற்றுக் கருவி பொறுப்பேற்கும் என்பதே திட்டம். வன்பொருள் எப்போதாவது பழுதாகும், மென்பொருள் பழுதாகாது என்ற அனுமானத்தில் எழுந்த திட்டம் அது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள். அது ஒரு கணம் முன்னதாகவே அதே பிழையில் நின்றுபோயிருந்தது. நின்ற கருவி அனுப்பிய பழுதறிக்கையை முதன்மைக் கணினி பறப்புத் தரவாக எடுத்துக்கொண்டு, இல்லாத சாய்வைச் சரிசெய்ய உந்துகுழல்களைத் திருப்பியது. பிழையை எழுப்பிய கணக்கோ, தரையை விட்டுக் கிளம்பிய பிறகு ஏரியன் 5க்குத் தேவையே இல்லாத ஒன்று.

மாணவருக்கு இதில் மூன்று பாடங்கள் உள்ளன. ஒரு மதிப்பு வரம்பைத் தாண்டாது என்ற நம்பிக்கை எந்தச் சூழலில் உண்மை என்பதை நிரலிலேயே எழுதிவைக்க வேண்டும். எல்லா விதிவிலக்குக்கும் ஒரே மருந்து பொருந்தாது. பிழைச்செய்தியும் தரவும் ஒரே வாய்க்காலில் ஓடக் கூடாது.

மனிதருக்கான செய்தி

பிழையைப் பிடித்த பிறகு அதை மனிதருக்குச் சொல்லும் விதமும் கையாளுதலின் பகுதி. தெராக்-25 என்ற கனடாவின் கதிர்மருத்துவக் கருவி 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அதன் திரையில் வந்த செய்தி, 'கோளாறு 54' என்பது போன்ற வெறும் எண். கையேட்டில் போதிய விளக்கம் இல்லை. இத்தகைய செய்திகள் அடிக்கடி வந்ததால், ஒரு விசையைத் தட்டிச் சிகிச்சையைத் தொடர்வது இயக்குநர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

அதே கருவியில் இருந்த இன்னொரு பழுது முடிவெடுக்கும் அமைப்பைச் சார்ந்தது. ஒரு மாறி 0 அல்லாமல் இருந்தால் பாகங்களின் நிலையைச் சோதி, 0 என்றால் சோதிக்க வேண்டாம் என்பது நிபந்தனை. சோதனை தேவை என்று காட்ட, மாறிக்கு ஒரு நிலையான மதிப்பைத் தராமல், ஒவ்வொரு முறையும் 1ஐக் கூட்டினார்கள். ஒரு பைட்டில் 255க்குப் பிறகு 0 வரும். ஆகவே ஒவ்வொரு 256ஆம் முறையும் சோதனை தானாகத் தாண்டப்பட்டது.

நல்ல பிழைச்செய்தி மூன்றைச் சொல்லும்: என்ன நடந்தது, எந்தத் தரவால் நடந்தது, அடுத்து என்ன செய்யலாம். 'தவறான உள்ளீடு' என்பதைவிட 'மதிப்பெண் 105 ஏற்கப்படாது. 0 முதல் 100 வரை தரவும்' என்பது மேல்.

மதிப்பாக வரும் பிழை

எல்லா மொழியும் விதிவிலக்கை ஏற்பதில்லை. சி மொழியில் செயற்கூறுகள் வெற்றி தோல்வியை ஓர் எண்ணாகத் திருப்பித் தரும். அழைத்தவர் அதைப் பார்க்க மறந்தாலும் நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். 2009இல் அறிமுகமான கோ மொழி, விடையையும் பிழையையும் இரண்டு தனி மதிப்புகளாகத் தருகிறது. ரஸ்ட் மொழி விடை அல்லது பிழை என்ற ஒரே உறையில் இட்டுத் தருகிறது. உறையைப் பிரித்து இரண்டு நிலைக்கும் பதில் எழுதாமல் உள்ளிருக்கும் விடையை எடுக்க நிரல்பெயர்ப்பி எளிதில் விடாது. 'இல்லை' கிளையை நினைவில் வைக்கும் பொறுப்பு அங்கே மனிதரிடமிருந்து மொழிக்குக் கைமாறுகிறது.

இந்தக் கைமாற்றத்தின் பின்னணியில் ஒரு தவறும் உண்டு. 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழியை வடிவமைத்தபோது, 'எதையும் சுட்டாத சுட்டு' என்ற வெற்று மதிப்பை எளிதாக இருக்கிறதே என்று சேர்த்ததாகவும், அது தாம் செய்த நூறு கோடி டாலர் தவறு என்றும் பிரிட்டிஷ் கணினியியலாளர் டோனி ஹோர் 2009இல் ஒப்புக்கொண்டார். மதிப்பு இல்லாமலும் இருக்கலாம் என்பதை மொழி வெளிப்படையாகச் சொல்லாததால், அதைச் சோதிக்க மறப்பது எளிதாயிற்று.

எல்லாம் சேரும் பயிற்சி

1980களில் யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சோலோவே, மாணவர்களின் நிரலாக்கச் சிந்தனையை ஆராய ஒரு கணக்கைப் பயன்படுத்தினார். மழையளவுக் கணக்கு என்று அது பெயர் பெற்றது. நாள்தோறும் பெய்த மழையளவை ஒவ்வொன்றாக வாங்கு. 99999 வந்தால் நிறுத்து. எதிர்ம எண்களை ஏற்காதே. முடிவில் சராசரியைச் சொல். நான்கே வரிதான் கேள்வி. இன்றும் உலகின் பல வகுப்புகளில் இது கொடுக்கப்படுகிறது. இன்றும் மாணவர்கள் தவறுகிறார்கள்.

தவறும் இடங்கள் மேலே சொன்னவையே. 99999ஐயும் மழையளவாகச் சேர்த்துக் கூட்டிவிடுவது எல்லைப் பிழை. எதிர்ம எண்ணைக் கூட்டாமல் விட்டும் எண்ணிக்கையில் சேர்த்துவிடுவது, கிளைக்குள் இருக்க வேண்டிய வரி வெளியே நிற்கும் பிழை. மழையே பெய்யாத நாளின் 0ஐயும் எதிர்ம எண்ணோடு சேர்த்து ஒதுக்குவது, 'குறைவு' என்பதற்குப் பதில் 'குறைவு அல்லது சமம்' என்று எழுதிய பிழை. முதல் உள்ளீடே 99999 என்றால், எண்ணிக்கை 0. சராசரி காணும் வரியில் நிரல் விழும். அப்போது என்ன சொல்வது? 0 என்று அச்சிட்டால், மழை பெய்யவில்லை என்று பொருள்படும். தரவே இல்லை என்பது வேறு செய்தி. 'தரவு இல்லை' என்று சொல்லும் கிளை ஒன்று தனியாக வேண்டும்.

இந்தக் கணக்கை வகுப்பில் கொண்டுபோகும் வரிசையும் அதிலிருந்தே கிடைக்கிறது. முதலில் நிரல் எழுதாமல், எந்தெந்த உள்ளீட்டுக்கு எந்தெந்த விடை என்று ஓர் அட்டவணை. அதில் சாதாரண வரிசை ஒன்று, எல்லை எண்கள் கொண்டது ஒன்று, வெற்று வரிசை ஒன்று, எண்ணே அல்லாதது ஒன்று கட்டாயம். அடுத்து நிபந்தனைகளும் அவற்றின் 'இல்லை' கிளைகளும். ஒன்றும் செய்ய வேண்டாத கிளையாக இருந்தால், அதையும் குறிப்பாக எழுதிவைப்பது. பிறகு நிரல். பிறகு அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் இயக்கிப் பார்ப்பது. கடைசியாக, பக்கத்து இருக்கை மாணவரிடம் நிரலைக் கொடுத்து, அதை விழவைக்கும் உள்ளீடு ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்வது. அவர் கண்டுபிடிக்கும் உள்ளீடு ஒவ்வொன்றும் நிரலில் எழுதப்படாத ஒரு 'இல்லை' கிளை.